பிரண்டை எங்கே பறித்தது என்று காப்புரிமை மனுவில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மூட்டுவலிக்குப் பாட்டி காய்ச்சும் பிரண்டை, நொச்சித் தைலத்தில் காய்ச்சும் முறையை மாற்றி, நெடி குறைந்து தோலில் சீக்கிரம் இறங்கும்படி செய்திருக்கிறேன். இன்னும் விற்பனைக்கு விடவில்லை, செய்முறையை யாருக்கும் சொல்லவுமில்லை. பேட்டன்ட் வாங்கித் தருவதாக ஒருவர் 45,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். செடி எங்கே கிடைத்தது என்று எழுதினால் பல்லுயிர் ஆணையம் லாபத்தில் பாதியைக் கேட்கும், எழுத வேண்டாம் என்கிறார். எழுதாவிட்டால் என்ன ஆகும்?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: எழுதியே ஆக வேண்டும். கண்டுபிடிப்பில் செடி, விதை, நுண்ணுயிர் என்று எது பயன்பட்டாலும், அது யாரிடமிருந்து வந்தது, எந்த மண்ணில் விளைந்தது என்பதை, மனுவோடு கண்டுபிடிப்பை விளக்கிக் கொடுக்கும் விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு. சொல்லாவிட்டால் மனு நிலுவையில் இருக்கும்போதே யாரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். காப்புரிமை கையில் வந்த பிறகும் அதே காரணத்தைக் காட்டி ரத்து கேட்கலாம். நாலு வருஷம் உழைத்துச் சந்தை பிடித்த பிறகு போட்டியாளர் ஒருவர் வந்து இந்த ஒரு ஓட்டையைத் தோண்டினால் போதும்.

சில ஏஜென்டுகள் இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: "இறக்குமதிச் சரக்கு என்று போட்டுவிடலாம், ஆணையம் பக்கமே போக வேண்டியதில்லை." இதற்கும் தலையாட்டாதீர்கள். சொல்லாமல் விடுவதும் தவறாகச் சொல்வதும் சட்டத்தில் ஒரே குற்றச்சாட்டுதான்.

எழுதுவது கஷ்டமும் இல்லை. விவரக்குறிப்பின் முன்பகுதியில் தனிப் பத்தியாக இப்படி வந்தால் போதும்: "இதில் பயன்படும் பிரண்டைத் தண்டு, தமிழ்நாடு, விருதுநகர் மாவட்டம், இன்ன ஊரில் உள்ள விவசாயத் தோட்டத்தில் விளைந்தது, அந்த விவசாயியிடமிருந்து வாங்கப்பட்டது." நொச்சிக்கும் அதேபோல. தாவரவியல் பெயரையும் சேருங்கள். வாங்கிய சீட்டு துண்டுக் காகிதமாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

சரி, பல்லுயிர் ஆணையம். நம் நாட்டுச் செடி, உயிரினங்களை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிக்கும் அமைப்பு அது. பூச்சாண்டி காட்டுகிற அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்களைப் போன்ற இந்தியர், காப்புரிமை வழங்கப்படும் முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒப்புதல் வாங்குவது பொருளை வணிகத்துக்குக் கொண்டுபோகும் கட்டத்தில். பாதி லாபம் என்பது வெறும் மிரட்டல். நீங்களே தயாரித்து விற்கும் காப்புரிமைப் பொருளுக்கு 2025-ல் மாற்றப்படும் வரை இருந்த 2014 விதிமுறைகள் வைத்த உச்சவரம்பே ஆலை விலையிலான விற்பனையில் 1 சதவீதம்தான்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஆணையம் தரமணியில். டவுன் பஸ்ஸில் போகிற தூரம். ஆனால் இங்கே கொடுத்த விவரத்தை அங்கே மறுபடி நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அங்கே வாங்கிய காகிதத்தை இங்கே நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இரண்டும் மத்திய அரசின் அமைப்புகள். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள இவ்வளவு காலமாக என்ன தடையோ! இந்த அலைச்சல்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

அடுத்து, "நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் எந்தச் சட்டமும் கிடையாது" என்ற பேச்சு. மாதம் இரண்டு பேராவது என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வழக்கமாகச் சந்தைச் சரக்காக விற்கப்படும் சில உயிரினப் பொருள்களுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் 40-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது சரக்கைச் சரக்காக வாங்கி விற்பவருக்கு. மஞ்சள் வியாபாரி மூட்டை மூட்டையாக மஞ்சள் விற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதே மஞ்சளை ஆராய்ந்து, சாறு பிரித்து, காப்புரிமை கேட்டு வந்தால், அவர் அந்த இடத்தில் மஞ்சள் வியாபாரி இல்லை. விலக்குப் பட்டியலில் செடியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. இன்னொன்று: விலக்கு பல்லுயிர்ச் சட்டத்திலிருந்துதான். ஒருவேளை அது உங்களுக்கே பொருந்தினாலும், காப்புரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு அப்படியே நிற்கும். அது வேறு சட்டம், வேறு கடமை. கடையில் வாங்கினீர்களா? கடையின் பெயரை எழுதுங்கள், சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

ஜெனிவா ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசுகிறவர்களும் உண்டு. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் நிறைவேறிய அந்த ஒப்பந்தம், மூலத்தைச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் காப்புரிமையை ரத்து செய்யக்கூடாது, மோசடி நோக்கம் இருந்தால் தவிர, என்கிறது. நல்லது. ஆனால் இங்கே உங்கள் மனுவைப் பரிசீலிப்பது இந்தியச் சட்டப்படிதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் தைலத்துக்கு அப்படியே காப்புரிமை கிடைக்காது. மரபறிவாக இருப்பதும், தெரிந்த சரக்குகளின் தெரிந்த குணங்களைக் கூட்டிவைப்பதும் 3-வது பிரிவில் விலக்கப்பட்டவை. சித்த மருத்துவ நூல்கள் உட்பட மரபு மருந்துகளைப் பதிந்து வைத்திருக்கும் மின்னூலகம் ஒன்று அரசிடம் இருக்கிறது, பரிசோதகர் அதில் தேடுவார். அமெரிக்கா 1995-ல் மஞ்சளுக்குக் கொடுத்த காப்புரிமை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய ஆதாரங்களைக் காட்டியதும் 1997-ல் ரத்தானதே, அந்த வாதம் உங்களுக்கும்தான். அதனால் மனுவில் பாட்டியின் பங்கு இது, என் பங்கு இது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். நீங்கள் மாற்றிய காய்ச்சும் முறை புதியது, பழைய முறையைவிட இத்தனை மடங்கு பலன் என்று ஆய்வக எண்களோடு போனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எண்கள் இல்லாமல் போகாதீர்கள்.

இப்போது உங்கள் ஏஜென்ட். தனிநபர் இணையவழி மனு கொடுக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், அலுவலகம் அந்த மனுவைப் பரிசோதிக்க 4,000. மீதியெல்லாம் அவருடைய கூலி. கூலி வாங்குவது தப்பில்லை, ஆனால் அவர் பதிவுபெற்ற காப்புரிமை முகவர்தானா என்று அலுவலக இணையதளத்தின் பட்டியலில் பாருங்கள். பாட்டிலின் வடிவத்துக்கு டிசைன் பதிவு வாங்கி, அந்தச் சான்றிதழை "பேட்டன்ட்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கூட்டம் ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. மனு கொடுத்த ரசீதையே பேட்டன்ட் என்று நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்பணம் திரும்ப வராது என்று தோன்றினால், குஜராத்தில் இருக்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளைக்கு எழுதிப் பாருங்கள். படிப்பும் நிறுவனமும் பின்னால் இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை மனு தயாரித்துக் கொடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று.

மனு ஏற்கெனவே போயிருந்தால், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், காப்புரிமை மனுவான படிவம் 1-ன் நகலைக் கேளுங்கள். இந்திய உயிரினப் பொருள் இதில் பயன்படுகிறது, உரிய அனுமதியைக் காப்புரிமை வழங்கப்படும் முன் தருவேன் என்று அதில் ஒரு உறுதிமொழி வரி இருக்கும். அந்த வரியை அவர் அடித்து நீக்கியிருந்தால், முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.