மூச்சுப் பயிற்சி செய்தால் விரல் மடங்கிக்கொள்கிறது, தொடரலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. வெள்ளி விலை ஏறி இறங்குவதும் கடைக்காரர்களிடம் நிற்கிற பாக்கியும் சேர்ந்து ஒரு வருடமாகத் தூக்கம் கெட்டுவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வரும், உடனே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், நெஞ்சு படபடக்கும். ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார்கள். மனநல மருத்துவர் கொடுத்த எஸ்சிடலோபிராம் 10 மி.கி. மாத்திரையை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன், பாதி குறைந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் மூச்சு முகாமுக்கு அழைத்துப் போனார். 6,500 ரூபாய். அங்கே வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார்கள். வாயைச் சுற்றி ஊசி குத்தியது, விரல்கள் மடங்கிக்கொண்டன, பயந்து அழுதுவிட்டேன். உள்ளே தேங்கிய பயம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். இரண்டாம் நிலைக்கு 24,000 ரூபாய், 5,000 முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் மாத்திரையை விட்டுவிட வேண்டுமாம். சேரலாமா? வீட்டில் சும்மா மூச்சைக் கவனித்து உட்கார்ந்தாலும் பயம்தான் கூடுகிறது. எனக்கு மூச்சுப் பயிற்சியே ஒத்துவராதா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். முகாமில் சேராதீர்கள். மூச்சுப் பயிற்சி உங்களுக்கும் ஒத்துவரும், ஆனால் அவர்கள் சொல்லிக்கொடுத்த விதத்தில் இல்லை. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஸ்சிடலோபிராமைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், குமட்டல், தூக்கக்கேடு, சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் வெட்டினாற்போல் ஒரு அதிர்வு, எல்லாம் வரலாம். “பார்த்தீர்களா, மாத்திரை உங்களை எப்படி அடிமையாக்கியிருக்கிறது” என்று அதையே காட்டி அடுத்த முகாமுக்கு ஆள் பிடிப்பார்கள். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரையைத் தொடரச் சொல்லி, அதன்பின் படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். நீங்கள் இன்னும் பாதிதான் தேறியிருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் பாதி என்றால் உங்கள் மருத்துவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். அளவை மாற்றலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். உங்கள் சீட்டில் குளோனசெபாம் போலப் பதற்றத்தைத் தணிக்கும் இன்னொரு மாத்திரையும் இருந்து அதைத் தினமும் சாப்பிட்டு வந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரக்கூடும்.

அடுத்து அந்த விரல் மடங்கல். வெளியேறியது பயமில்லை, கரியமில வாயு. நமக்குக் கரியமில வாயு என்றாலே கழிவு என்று நினைப்பு. உடம்புக்கு அது ஒரு அளவில் இருந்தே ஆக வேண்டும். வேகவேகமாக மூச்சு விடும்போது அது தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை லேசாகி மிதக்கிறது. இரத்தத்தில் நரம்புக்குப் பயன்படும் நிலையிலுள்ள கால்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. அதனால்தான் உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிறது, விரல்கள் கூம்பிக்கொள்கின்றன. மூச்சு பழைய நிலைக்கு வந்தால் சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். பதற்றத் தாக்குதல் வரும் ஒருவருக்கு உடம்பு தானாகவே செய்கிற இதே காரியத்தைக் காசு வாங்கிக்கொண்டு உங்களைச் செய்ய வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நாலு பேர் அழுதால் அதற்கு ஞானம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆறாத கோபம்.

வேகமூச்சுப் பயிற்சிகள் யோகத்தில் முறையாக உண்டு, அவற்றைத் தப்பென்று சொல்லவில்லை. படபடப்பு இருப்பவர் அங்கே தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏற்காடு என்றதும் இன்னொரு பேச்சும் வரும்: “மலையில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான் அங்கே முகாம்.” சுத்தப் பொய். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், மூச்சுக்கு ஆக்சிஜனும் குறையும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் ஒரு மூச்சில் கிடைப்பதைவிட அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு குறைவாகத்தான் கிடைக்கும். ஆரோக்கியமானவருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. குளிர்ச்சி, மரம், சத்தமின்மை, ஏரிக்கரையில் ஒரு நடை, இவை மனதுக்கு நல்லவைதான். அவற்றுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக பஸ் கட்டணம் போதும், 24,000 எதற்கு?

இந்த இடைத்தரகர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். உங்களை அழைத்துப் போன “தெரிந்தவர்” எத்தனை பேரை அழைத்துப் போகிறார், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் நிலை மலிவு, இரண்டாம் நிலை விலை, மூன்றாம் நிலையில் நீங்களே ஆள் சேர்க்கலாம் என்று போகிறதென்றால் அது வியாபாரம். மாத்திரையை விடச் சொல்கிறவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதில் வராது, கண்ணை மூடிப் புன்னகைதான் வரும்.

“அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள், தியானம் மாத்திரைக்குச் சமம்” என்று ஒரு ஆய்வையும் காட்டுவார்கள். ஆய்வு உண்மையானது, 2022-இல் வெளிவந்தது. பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நீங்கள் சாப்பிடும் அதே எஸ்சிடலோபிராம், இன்னொரு பிரிவுக்கு மனக்கவனப் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். ஆனால் அந்தப் பயிற்சி எப்படி நடந்தது? பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் பயிற்சி, அதுபோக வீட்டில் தினம் முக்கால் மணி நேரம். வேகமூச்சும் இல்லை, கூட்டு அழுகையும் இல்லை. சனி, ஞாயிறு முகாமுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மாத்திரையைப் பாதியில் விடலாம் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். “நல்லா ஆழமா இழுங்க” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் இழுக்கச் சொன்னால் என்ன ஆகும்? கவனம் இருக்க வேண்டியது விடுகிற மூச்சில். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், இழுக்கும்போது சற்றுக் கூடும். எல்லோருக்கும் இயல்பாக நடப்பதுதான். விடுகிற நேரத்தை நீட்டினால், உடம்பை அமைதிப்படுத்தும் நரம்புக்கு அதிக நேரம் கிடைக்கிறது. உங்கள் பட்டறையில் கேஸ் வருவதற்கு முன் பெரியவர்கள் ஊதுகுழலை வாயில் வைத்துப் பற்றவைத்தார்களே, சுடர் ஆடாமல், திணறாமல், ஒரே சீராக விட்ட அந்த மூச்சை நினைத்துக்கொள்ளுங்கள். விடும் மூச்சு அப்படி இருக்க வேண்டும், அந்த அழுத்தம் மட்டும் இல்லாமல்.

செய்முறை எளிது. முதுகு சாய்ந்து உட்காருங்கள். ஒரு கை வயிற்றில். வாய் மூடியிருக்கட்டும். மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் மெதுவாக இழுங்கள், வழக்கமாக இழுக்கும் அளவே போதும். ஆறு எண்ணும் வரை மூக்காலேயே விடுங்கள். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம். இப்படிப் போனால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நமக்கு 12 முதல் 20 வரை. ஆறு எண்ணுவது திணறலாக இருந்தால் மூன்று, நான்கு என்று வையுங்கள். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம். மனம் நன்றாக இருக்கும்போதே பழகுங்கள். படபடப்பு வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்ப்பது கிணற்றில் விழுந்தபின் நீச்சல் கற்றுக்கொள்வதுதான். சுடர் எரியும் பட்டறையில் கண்ணை மூடிச் செய்யாதீர்கள், புகை இல்லாத இடத்துக்கு வந்து செய்யுங்கள். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது. ஆஸ்துமா போன்றவை இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், அது சிலருக்கு ஆபத்து.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறது என்பது. இதை யாரும் சரியாக விளக்குவதில்லை, “இன்னும் கொஞ்சம் விடாமல் செய்யுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். தவறு. ஒரு சாராருக்கு மூச்சும் நெஞ்சும்தான் பயத்தின் வீடு. மாரடைப்போ என்று பயந்து பயந்து நெஞ்சையே உளவு பார்த்துப் பழகியவர்கள். முகாமில் விரல் மடங்கியபின் உங்களுக்கு அது இன்னும் கூடியிருக்கும். இவர்களை மூச்சைக் கவனி என்றால், “சரியாக வருகிறதா, போதுமா, நின்றுவிடுமோ” என்று சோதனை தொடங்கிவிடும். கவனிப்பு வேறு, சோதனை வேறு. சோதனை போடும் மனதுக்கு மூச்சைக் கொடுக்கக் கூடாது, வேறொன்றைக் கொடுக்க வேண்டும். கண்ணைத் திறந்தே வையுங்கள். வெறுங்காலைத் தரையில் ஊன்றி, குதிகால், பெருவிரல், தரையின் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அல்லது ஒரு எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, விளிம்பு, ஈரம், கனம், குளிர்ச்சி எப்படி மெல்லக் குறைகிறது என்று பாருங்கள். அல்லது காதைக் கொடுங்கள்: தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்துப் பட்டறையில் தட்டுகிற சத்தம், மின்விசிறி. மூன்று வாரம் இது மட்டும். பிறகு பாதத்தைக் கவனித்துக்கொண்டே, நடுவில் இரண்டே இரண்டு மூச்சை மட்டும் நீட்டி விட்டுப் பாருங்கள். பயம் எட்டிப் பார்த்தால் திரும்பவும் பாதத்துக்கு வந்துவிடுங்கள். அடுத்த வாரம் நாலு மூச்சு. இப்படிப் பின்வாசல் வழியாக வந்தாலும் மூச்சிடம் வந்து சேரலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை, பாதமே போதும் என்று வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. நோக்கம் இந்த நிமிடத்தில் காலூன்றி இருப்பது. அதற்கு மூச்சு ஒரு வழி.

மூன்று மணிக் கணக்கு விஷயம். எண்ணமே வராமல் தடுக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், தோற்றுத்தான் போவீர்கள். “கணக்கு வந்திருக்கிறது” என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். அரை நிமிடத்தில் மறுபடி கணக்குக்குப் போய்விடுவீர்கள். மறுபடி திரும்புங்கள். போவதும் திரும்புவதும்தான் பயிற்சி, அதில் தோல்வி என்று எதுவும் இல்லை. இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்காருங்கள். போனை எடுத்து வெள்ளி விலை பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் உங்களால் ஒரு கிராம்கூட விற்கவோ வாங்கவோ முடியாது. மாலையில் ஒரு கால்மணி ஒதுக்கி, யாரிடம் எவ்வளவு பாக்கி, நாளை யாருக்குப் போன் செய்வது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம்.

இவ்வளவையும் உங்கள் மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், சொல்ல நேரமில்லை. நாட்டில் மனநலத் திட்டம் 1982-இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு கூலித் தொழிலாளி அரைநாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோல் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். உங்களைப் போல நடந்து வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு என்ன பயன்? காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத இந்த இடைவெளியில்தான் முகாம்காரர் வந்து உட்காருகிறார். அவர் இரண்டு நாள் கேட்கிறார், நாம் இரண்டு நிமிடம்கூடக் கேட்பதில்லை. இதை மாற்றாமல் போலிகளை மட்டும் திட்டிப் பலனில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இருப்பதைப் பயன்படுத்துங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். பேச்சு சிகிச்சைக்குத் தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பலகையில் “கவுன்சலிங்” என்று எழுத இங்கே யாருக்கும் தடையில்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டு அப்போதே கூப்பிடுங்கள்.

கொடுத்த 5,000 ரூபாய் முன்பணத்துக்கு ரசீது வாங்கினீர்களா? ஜிபே, வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அதன் பதிவே போதும். சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரையை விடச் சொன்ன செய்தி எதுவும் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம்.