மானாவாரி விவசாயிக்கு மழைக் காப்பீடு பயன்படுமா?

கேட்டவர் வானம் பார்த்த பூமிக்காரர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்கு இந்தக் கேள்வி வராது.

எடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால், எந்த ஊர் மழைமானியை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள், அது உங்கள் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். உளுந்தும் மக்காச்சோளமும் போடுவோம். அரசின் பயிர்க் காப்பீட்டில் சோதனை அறுவடை செய்து மகசூல் பார்ப்பார்கள். மழைக் காப்பீட்டில் யாரும் காட்டுக்கு வரமாட்டார்கள். குறித்த நாட்களில் மழை ஓர் அளவுக்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இவ்வளவு பணம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்ததே, அந்த வருஷம் மகளிர் குழு மூலமாகச் சேர்ந்திருந்தேன். மனு, அலைச்சல் எதுவும் இல்லாமல் மாசியில் பணம் வந்துவிட்டது. மாடுகளை விற்காமல் தப்பித்தது அதனால்தான்.

அந்த நம்பிக்கையில் அடுத்த வருஷம் வீடு வீடாகப் போய்ப் பதினோரு பேரைச் சேர்த்தேன். ஒரு உழவு மழை பெய்ததும் விதைத்தோம். பூவெடுக்கும் நேரத்தில் இருபத்திரண்டு நாள் பொட்டு மழை இல்லை. உளுந்து கருகிப்போனது. கணக்கு வந்தபோது வரம்பு 200 மில்லிமீட்டர், பெய்தது 214, அதனால் பணம் கிடையாது என்றார்கள். மழைமானி பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே ஒரே ராத்திரியில் கொட்டிய மழை எங்கள் ஊர் எல்லைக்குக்கூட வரவில்லை. "அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதானே கட்டுனோம்" என்று ஒருத்தி கேட்டாள். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாய் என்று யாராவது எழுதுவீர்கள். படித்தேன். மழைமானி நிலையத்தின் பெயர் இருந்தது, தூரம் இல்லை. புதுத் திட்டம், போகப் போகச் சரியாகும் என்றும் சொல்லாதீர்கள். இப்போதைய தெலங்கானாவில் இருக்கும் மகபூப்நகரில் 2003லேயே நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளிடம் இதைத் தொடங்கியாயிற்று. மழைமானிகளை நெருக்கமாக வைக்க இத்தனை வருஷம் போதாதா?

மழை சரியாகப் பெய்தாலும் காட்டுப்பன்றி விடுவதில்லை. ஓடை முழுக்கச் சீமைக் கருவேலம், பகலில் அதற்குள் படுத்துக்கொள்கிறது. கதிர் பிடித்த மக்காச்சோளம் ஒரே ராத்திரியில் தரையோடு கிடக்கும். என் வீட்டுக்காரர் டார்ச்சும் தகர டப்பாவுமாகக் காவல் கிடந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார். இதற்கு யாரிடம் போய் நிற்பது?

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்போது வீட்டில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுகிறேன். காப்பீட்டுக்கு அந்த நோட்டு செல்லாது, தெரியும். ஆனால் அவர்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் இந்த வருஷம் மறுபடியும் கேட்கிறார்கள். மழைமானி எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன்.