முதலில் வந்தது கஞ்சாவா, முரட்டுத்தனமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். எட்டு மாதமாகக் கஞ்சா பிடிக்கிறான். பர்ஸில் வைக்கும் பணம் காணாமல் போகிறது. போன வாரம் தங்கையைக் கை நீட்டி அடித்துவிட்டான். கஞ்சாதான் அவனை இப்படி ஆக்கியதா? மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் விட்டுவிடலாமா?

பதில்: மையத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம் அம்மா. இன்றிரவு முதல் மகளை உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள்.

பிறகு ஒரு நோட்டில், பள்ளியிலிருந்து முதல் புகார் எப்போது வந்தது, முதல் சண்டை எப்போது, நண்பர்கள் எப்போது மாறினார்கள், கஞ்சா எப்போது வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு இப்படி எழுதும்போதுதான், பையன் நான்காம் வகுப்பிலேயே பக்கத்துப் பையனைக் காம்பஸால் குத்தியது நினைவுக்கு வந்தது. கஞ்சா வந்ததோ பத்தாம் வகுப்பில். அவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் அவசரமும் துறுதுறுப்பும் மிகுந்திருக்கும் சிறுவயதுக் குறைபாடு இருந்தது. கஞ்சாவை மட்டும் நிறுத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை அப்படியே இருந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை 1993இல் தெளிவாக எழுதியவர் உளவியலாளர் டெர்ரி மோஃபிட். நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் பணியாற்றியவர். சிறுவயதிலேயே முரட்டுத்தனம் தொடங்கி நீடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பதின்ம வயதில் சேர்க்கையால் தொடங்கி, வளர்ந்ததும் விட்டுவிடுபவர்கள் நிறைய. ஆனால் அந்த வயதில் போதைப் பழக்கம் ஒட்டிக்கொண்டால், விட்டு வெளியே வருவது தள்ளிப்போகிறது.

பணம் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, பொட்டலத்துக்குக் காசு வேண்டும். தங்கையை அடித்ததுதான் யோசிக்க வேண்டியது. அன்று அவனுக்குப் பொட்டலம் கிடைக்காத நாளா? தினமும் பிடிப்பவர்கள் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சலும் கோபமும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அவன் அடித்ததற்கு இது சமாதானம் ஆகாது, ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் அன்றே கூட்டிப்போங்கள்.

சரி, மையம். எனக்கு இதில் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் தொல்லை தரும் பிள்ளைகளை ஒரே குழுவாக வைத்துத் திருத்தப் பார்த்தபோது, அவர்களிடம் புகைப்பழக்கமும் பள்ளியில் தவறான நடத்தையும் கூடியதாக 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒருவன் குறும்பைச் சொல்ல, மற்றவன் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. உங்கள் மகனுக்குத் தனி ஆலோசனையும், நீங்களும் கணவரும் உட்காரும் குடும்ப ஆலோசனையும்தான் முதல் வழி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அவன் போதையில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, "தூக்கமே வரலைன்னு சொன்னியே, அதுக்கு டாக்டரைப் பார்க்கலாம் வா" என்று கூப்பிடுங்கள். இந்த வயதுப் பையன்கள் பலர் அதற்கு வருகிறார்கள்.