422 சேவ் உள்ளே, 437 சேவ் வெளியே: ரிலீஃப் பிட்சரை எப்படி எடைபோடுவது?

கேள்வி: அமெரிக்கா வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்கப் பழகினேன். ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கியவருக்குப் பதிலாகப் பிறகு வந்து வீசுபவர்) பில்லி வாக்னர் 422 சேவ்களோடு 2025-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியலுக்குத் தேர்வானார். சேவ் என்பது அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்ததற்கான கணக்கு. 437 சேவ் எடுத்த ஃபிரான்சிஸ்கோ ரொட்ரிகெஸும் 424 எடுத்த ஜான் ஃபிராங்கோவும் அப்போது வெளியேதான் இருந்தார்கள். அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: சேவ் என்ற கட்டத்தைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். மூன்று ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸுக்கு வருகிற ஒருவர் இரண்டு ரன் கொடுத்துவிட்டு ஆட்டத்தை முடித்தாலும் அவருக்கு ஒரு சேவ் உண்டு. அந்த இன்னிங்ஸில் அவருடைய இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் போன ரன்; குறைந்தால் நல்லது) 18.00! அதோடு, சேவ் வாய்ப்பு வருவதே அணி முன்னிலையில் இருந்தால்தான். மேனேஜரும் இவரைத்தான் க்ளோசராக, அதாவது கடைசியில் வந்து ஆட்டத்தை முடிப்பவராக இறக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது விப். கொடுத்த ஹிட்டையும் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது) வாக்கையும் (நான்கு தவறான பந்துக்கு அவருக்குச் சும்மா கிடைக்கும் பேஸ்) கூட்டி இன்னிங்ஸால் வகுத்தால் வருவது. குறைந்தால் நல்லது. வாக்னர் கொடுத்த ஹிட் 601, வாக் 300, வீசியது 903 இன்னிங்ஸ். கூட்டினால் 901; அதாவது இன்னிங்ஸுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ரொட்ரிகெஸுக்கு இது ஏறக்குறைய 1.16, ஃபிராங்கோவுக்கு 1.33. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) என்று பார்த்தால் வாக்னர் 11.9, ரொட்ரிகெஸ் 10.5, ஃபிராங்கோ 7. இங்கேயே விஷயம் பாதி தெரிந்துவிடுகிறது.

அடுத்தது இஆர்ஏ. வாக்னர் 2.31, ரொட்ரிகெஸ் 2.86, ஃபிராங்கோ 2.89. ஆனால் ஆடிய காலமும் மைதானமும் வேறு வேறு என்பதால் இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. அதற்குத்தான் இஆர்ஏ பிளஸ் இருக்கிறது. 100 என்றால் சராசரி, மேலே போகப் போக நல்லது. வாக்னருக்கு 187, ரொட்ரிகெஸுக்கு 148, ஃபிராங்கோவுக்கு 138. 601 சேவ் எடுத்த ட்ரெவர் ஹாஃப்மனுக்கே 141தான். மரியானோ ரிவேரா 205. அவரை அளவுகோலாக வைத்தால் யாரும் தேற மாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிலீஃப் பிட்சர் வீசுவது கொஞ்சம் என்பதால் ஒரு கெட்ட வருடம் மொத்தக் கணக்கையும் ஆட்டிவிடும். 2000-இல் முழங்கைக் காயத்தோடு வாக்னர் வீசியது 27.2 இன்னிங்ஸ், இஆர்ஏ 6.18. (இந்த .2 நம் கிரிக்கெட் ஓவர் கணக்கு மாதிரிதான்: 27 இன்னிங்ஸ், இரண்டு அவுட்.) அந்த ஒரு வருடத்தைக் கழித்தால் அவருடைய மொத்த இஆர்ஏ 2.19 ஆகிவிடும். கழிக்கக் கூடாதுதான், ஆனால் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு நன்றாக வீசியவர் ஏன் பத்தாவது முறை, அதுவும் கடைசி வாய்ப்பில்தான் தேர்வானார்? முதல் காரணம் அளவு. ஹாஃப்மன் 1089 இன்னிங்ஸ், ரிவேரா 1283. இவர் வெறும் 903. இரண்டாவது பிளேஆஃப், அதாவது வழக்கமான சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள். அங்கே வாக்னரின் இஆர்ஏ 10.03. படிக்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் அது 11.2 இன்னிங்ஸில் வந்தது. அதை வைத்து ஒரு மனிதரின் பதினாறு சீசனை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. ரிவேராவின் பிளேஆஃப் இஆர்ஏ 0.70-ஐ நான் மதிப்பதற்குக் காரணம், அது 141 இன்னிங்ஸில் வந்தது.

என் வரிசை: ரிவேரா, நன்றாகத் தள்ளி வாக்னர், அப்புறம் ஹாஃப்மன். ஹாஃப்மன் ரசிகர்கள் கூடுதலான அந்த 186 இன்னிங்ஸைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ரொட்ரிகெஸ் 2008-இல் ஒரே சீசனில் எடுத்த 62 சேவைக் காட்டி வந்தால் மட்டும், அந்தக் கட்டத்தை மறுபடி கையால் மறைத்துவிடுங்கள்.