எம்1 சாலையிலிருந்து தெரியும் கூரையில்லாத மாளிகை

தம்பி, இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றும், விடுமுறை நாளில் போக இடம் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எம்1 நெடுஞ்சாலையில் போகும்போது மேட்டின்மேல் தெரிகிற, ஜன்னல்கள் வெறும் ஓட்டையாக நிற்கும் மாளிகைக்குள் விடுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். விடுவார்கள். அது சட்டன் ஸ்கார்ஸ்டேல் ஹால். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது, டிக்கெட் கிடையாது.

வந்த புதிதில் நானும் அதைத் தீப்பிடித்த வீடு என்றே நினைத்தேன். தீயெல்லாம் இல்லை, பழைய சாமான் வியாபாரம்தான். 1724-இல் ஸ்கார்ஸ்டேல் பிரபுவுக்காக வார்விக் ஊர்க்காரரான பிரான்சிஸ் ஸ்மித் கட்டத் தொடங்கிய வீடு அது. முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் விலைக்கு வந்தபோது, வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை, பிரித்து விற்க வாங்கினார்கள். மரப்பலகை பதித்த அறைகள் அப்படியே கழற்றப்பட்டுக் கப்பலேறின. மூன்று அறைகள் அமெரிக்காவில் பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1946-இல் எழுத்தாளர் ஆஸ்பர்ட் சிட்வெல் வாங்கிக் காப்பாற்றியிராவிட்டால் சுவர்களும் மிஞ்சியிருக்காது.

எலும்பும் தோலுமாக நிற்பதைப் போய் என்ன பார்ப்பது என்று நினைக்காதீர்கள். ஒரு வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதை முழுசாக இருக்கும் மாளிகைகள் காட்டவே காட்டாது. கிழக்கு முகப்பின் முன் முதலில் நில்லுங்கள். மாடிகளைக் கடந்து உயரும் கொரிந்தியத் தூண்கள் (உச்சியில் இலை வேலைப்பாடு கொண்டவை), மேலே முக்கோண முகடு, இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே: ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியர் காலத்து ஒழுங்கு. பிறகு உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். வெளியே மிடுக்காக நிற்கும் கல் வெறும் போர்வை. உள்ளே எல்லாம் செங்கல். தளங்கள் இல்லாததால் மாடி அறைகளின் கணப்புகள் அந்தரத்தில் தொங்குகின்றன. உத்தரம் செருகிய குழிகளை வைத்துத் தளம் எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நான் அதிக நேரம் நிற்பது சுதை வேலையின் முன்தான். ஆர்ட்டாரி, வாசாலி என்ற இத்தாலிய மொழிக்காரர்கள் செய்தது. அவர்களும் வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்கள்தாம். பிரபு குடும்பமும் போய், மேற்கூரையும் போய், நூறு ஆண்டு மழையில் நனைந்த பிறகும் அவர்கள் கைவேலை அங்கங்கே சுவரைவிட்டு உதிராமல் இருக்கிறது.

ஏன் கூரை போட்டுப் புதுப்பிக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். இங்கே இப்படிப்பட்டவற்றை இடிபாடாகவே தாங்கிப் பிடித்து வைப்பது ஒரு வழக்கம். எனக்கு அது பழகச் சில ஆண்டுகள் ஆயின.

காலையில் போங்கள், கிழக்கு முகப்பில் வெயில் விழும். சில சமயம் பழுதுபார்க்க வேலி போட்டிருப்பார்கள். கிளம்பும் முன் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் இணையதளத்தைப் பாருங்கள். புல்தரை சொதசொதவென்று இருக்கும், அலுவலகக் காலணி வேண்டாம்.