தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை

சேலம் அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் அப்பா ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொண்ணு ப்ளஸ் டூ. கிரிமினல் லாதான் படிப்பேன்னு ஒத்தைக் காலில் நிற்கிறா. எங்க அண்ணன், வீட்டை வெச்சாவது மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுங்கிறார். கோர்ட் வாசல்ல நிக்கிற பொண்ணை யார் கட்டுவாங்கன்னு கேக்கறார். பயமா இருக்கு சார்."

பயம் நியாயம்தான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். பிடிக்காத படிப்பில் அரியர் விழுந்தாலும் வட்டி நிற்காது.

அவள் கேட்கும் பாடத்துக்கு இது நல்ல நேரம். 1862இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடக்கிறது. கொலைக்கான பிரிவு 302 இப்போது 103. நாம் வசவாகவே ஆக்கிவிட்ட 420, 318க்குள் போய்விட்டது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டில், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்னமும் பழைய பிரிவுதான். இரண்டையும் சேர்த்துப் படித்த பிள்ளையை எந்த சீனியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

நீதிபதித் தேர்வு, ஹைகோர்ட் எல்லாம் ஊரே சொல்லும்; விடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு சார்பில், குற்றம் சாட்டப்பட்டவருக்காக இலவசமாக வாதாடும் வழக்கறிஞர் வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை. 2022இல் வந்த திட்டம். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்காக ரிமாண்டில் தொடங்கி ஜாமீன், குறுக்கு விசாரணை, அப்பீல் வரை இவர்களே ஆஜராவார்கள். தலைமைப் பொறுப்புக்குப் பத்து ஆண்டு கிரிமினல் அனுபவம் வேண்டும். உதவி வழக்கறிஞராக, மூன்று ஆண்டுக்குள் பிராக்டீஸ் உள்ளவர்களையே எடுக்கிறார்கள். மாத ஊதியம் உண்டு, தனிக் கேஸ் எடுக்கக் கூடாது. ஒப்பந்த வேலைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மற்ற ஜூனியர்கள் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வயதில், எஃப்ஐஆரில் இருக்கும் நேரமும், போலீஸ் சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் மகஜரில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று இவள் தானே உட்கார்ந்து பார்ப்பாள். ஏற்காட்டு எஸ்டேட் கூலி ஒருவர் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடந்தால், அந்த வழக்குக் கட்டு இவள் மேசைக்கு வரும்.

செலவா? சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும், நுழைவுத்தேர்வு இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம். முடித்த பிறகு முதல் சில வருடம் வருமானம் சொற்பம்தான். மாதச் சீட்டு ஏதாவது கட்டினால், அந்தப் பணத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், நகைக்கு வேண்டாம்.

கல்யாணப் பேச்சை அண்ணனிடம் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கோட்டா சீட்டுக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், ரசீதோடு நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள்.