குன்னூர் இறக்கத்தில் பிரேக் கருகல் வாடை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியார் பக்கம் கருகல் வாடை வந்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கியரில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது சார். அந்த 14 கொண்டை ஊசி வளைவுக்கும் இரண்டாவது கியர்தான், தேவைப்பட்டால் முதல் கியர். எஞ்சின் உறுமினால் உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடிக்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் மட்டும் விடவே விடாதீர்கள். மறுபடி வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அப்புறம், பிரேக் ஆயில் மாற்றி 2 வருடம் தாண்டியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும், பெடலும் அப்படித்தான் அமுங்கும்.